ஆடிப்பெருக்கில் எடுத்த நகல்

ஆடி 1, திங்கள்

ஆடி பிறந்துவிட்டது. இனி முப்பத்திரண்டு நாளைக்கு எங்கள் சங்கத்தின் திருமணத் தகவல் மையத்துக்கு ஈ காக்கை வராது. உடுமலை பேருந்து நிலையத்துக்குப் பின்னால், உரக்கடைக்கு மேலே ஒரு மாடி அறை. அதில் ஒரு மேசை, ஒரு பெஞ்சு, பதினோரு வருடப் பழைய கணினி ஒன்று, அதை ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் நான். வாசல் பலகையில் '8,381 ஜாதகங்கள்' என்று பெயிண்டில் எழுதியிருக்கிறது. கல்யாணம் ஆனவர்களை நாங்கள் நீக்குவதில்லை. நீக்கினால் எண்ணிக்கை குறையும், எண்ணிக்கை குறைந்தால் தலைவர் ஆறுச்சாமி ஐயாவுக்கு உடம்பு சரியில்லாமல் போகும்.

கணினி ஒரு வாரமாக உச்சுக் கொட்டுகிறது. ஹார்ட் டிஸ்க் போகப்போகிறதாம். அதில் ஓடுவது விண்டோஸ் இல்லை, லினக்ஸ். இலவசம் என்று கேள்விப்பட்டு அன்றைக்குத் தலைவர் போடச் சொன்னது. இன்று அவரே போனில் அழைத்தார்.

"அம்மிணி, கமிட்டில முடிவு பண்ணியாச்சு. புதுக் கம்ப்யூட்டர் வருது. ஆவணி மூணாந்தேதி மகாசபைல பெரிய தெரையில ஓட்டிக் காட்டறோம். அதுக்குள்ள பழசுல இருக்கற சமாச்சாரம் பூராத்தையும் பேக்கப் எடுத்துப்போடோணும். ஒண்ணு உடாம."

'ஒண்ணு உடாம' என்பதை இரண்டு தடவை சொன்னார். ஆகட்டுங்க என்றேன். ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தேன். வெயில்தான் காரணம்.

ஆடி 2, செவ்வாய்

கமிட்டிக் கூட்டம். பொருள்: ஆடி மாதத்தில் பேக்கப் எடுக்கலாமா?

ஆடியில் புதிதாக எதுவும் தொடங்கக் கூடாது என்று ஒரு கட்சி. பேக்கப் என்பது தொடக்கமில்லை, இருப்பதைத் திரும்ப எழுதுவதுதான் என்று இன்னொரு கட்சி. அப்படியானால் அது திவசம் மாதிரியா என்று ஒருவர் கேட்க, அரை மணி நேரம் யாரும் யாரோடும் பேசவில்லை. நான் ஐந்து பேருக்கும் டீ வாங்கிவந்தேன். கடைசியில் தலைவரே வழி கண்டுபிடித்தார்.

"பதினெட்டாம் பெருக்கு அன்னைக்கு எடுத்துப்போடலாம். அன்னைக்குச் செஞ்சா எதுவும் பெருகும். ஒண்ணு ரெண்டாகறதுதானுங்களே பேக்கப்பு?"

எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கே ஒரு கணம் நியாயமாகத்தான் பட்டது. அடுத்து, நகலை வைக்க வாங்கப்போகும் டிஸ்க் ஐந்நூறு ஜிபி என்றதும் தலைவர் முகம் சுளித்தார். கல்யாணக் காரியத்துக்கு முட்டையில் முடியும் எண் ஆகாது, ஐந்நூற்றொன்று கிடைக்குமா என்று விசாரிக்கச் சொன்னார். விசாரித்தேன். கடைக்காரர் நான் விளையாடுகிறேன் என்று நினைத்துப் போனை வைத்துவிட்டார்.

ஆடி 5, வெள்ளி

முதல் ஆடி வெள்ளி. அம்மா பூளவாடியிலிருந்து பஸ் ஏறி வந்து, மாரியம்மனைக் கும்பிட்டு, அப்படியே மாடி ஏறினாள். ஒன்பது வருடமாக ஒவ்வொரு வெள்ளியும் இதுதான். ஒரே வீட்டில்தான் இருக்கிறோம், ஆனால் இந்த ஒரு விஷயத்தை ஆபீஸில் வந்து கேட்டால்தான் அம்மாவுக்குத் திருப்தி.

"ஏதாச்சும் வந்துதா கண்ணு?"

நான் தட்டச்சு செய்வதுபோல் செய்து, பொத்தானை அழுத்தி, ஒரு தாளை அச்செடுத்துக் கொடுத்தேன். 'கோகிலவாணி, வயது 36. பொருத்தம் எதுவும் இல்லை.' அம்மா அதை நாலாக மடித்து மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டாள். வீட்டில் ஒரு தகர டப்பா நிறைய இந்தத் தாள்கள்தான்.

இதைப் படிக்கப்போவது யாருமில்லை, அதனால் எழுதிவிடுகிறேன். பொருத்தம் இல்லாமல் இல்லை. என் ஜாதகம் தேடலில் வருவதே இல்லை. லினக்ஸில் ஒரு ஃபோல்டரின் பெயருக்கு முன்னால் புள்ளி வைத்துவிட்டால் அது சாதாரணப் பார்வைக்குத் தெரியாது. எனக்கு இருபத்தேழு வயதில் ஒரு மாப்பிள்ளை வீட்டார் வந்து, வாசல் வரை நடந்து திரும்பிவரச் சொன்னார்கள். நடந்தேன். மறுநாள் ஆபீஸுக்கு வந்து ஒரு ஃபோல்டர் செய்து, முன்னால் புள்ளி வைத்து, 'இப்போது வேண்டாம்' என்று பெயரிட்டு, என்னை அதற்குள் போட்டேன். ஒரு மாதத்துக்கு என்றுதான் நினைத்தேன்.

பிறகு ஒரு நர்ஸ் பெண் வந்து, அவளுடைய அப்பா படியில் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போது, "அக்கா, இன்னும் ஒரு வருசம் படிக்கோணும், ஏதாச்சும் பண்ணுங்கக்கா" என்று மேசை மேல் குனிந்து சொன்னாள். அவளையும் போட்டேன். யார் யாரிடம் சொன்னார்களோ, வந்துகொண்டே இருந்தார்கள். இப்போது என்னோடு சேர்த்து முப்பத்தொரு பேர்.

தலைவர் கேட்பது முழு நகல்.

ஆடி 8, திங்கள்

பாலிடெக்னிக்கில் கணினி சொல்லித்தரும் சிவராசு சாரை உதவிக்குக் கூப்பிடுவதாகத் தலைவர் சொன்னார். அவர் வருவதற்குள் நானே பேக்கப் எடுத்து முடித்துவிட்டால்? அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் விட்டுவிட்டு எடுத்துக் கொடுத்துவிடலாம், பிறகு சாவகாசமாகப் புதுக் கணினியில் ஒரு மூலை பார்த்துக்கொள்ளலாம்.

கருப்புத் திரையில் கட்டளையைத் தட்டினேன். எதை விடவேண்டும் என்று அதில் சொல்ல ஒரு வழி உண்டு. அதை மூன்று முறை சரிபார்த்தேன். வெளி டிஸ்க் இன்னும் வராததால், நகலை இதே கணினியில் ஓர் இடத்தில் வைக்கச் சொல்லிவிட்டு, டிபன் பாக்ஸைத் திறந்தேன்.

புளிசாதம் முடிந்தது. பேக்கப் முடியவில்லை. பத்திரிகை முடிந்தது. பேக்கப் முடியவில்லை. மூன்று மணிக்கு டிஸ்க் நிறைந்துவிட்டது என்று சொல்லிவிட்டுக் கணினி அப்படியே நின்றது. என்ன ஆயிற்று என்றால், எல்லாவற்றையும் நகலெடுக்கச் சொன்னேன் அல்லவா, அது அந்த நகலையும் நகலெடுக்கத் தொடங்கிவிட்டது. நகல் பெரிதாக ஆக, நகலெடுக்க வேண்டியதும் பெரிதானது. மத்தியானம் முழுக்கத் தன்னைத்தானே தின்று வயிறு வெடித்திருக்கிறது. முப்பத்தொரு பேரை விலக்குவதிலேயே குறியாக இருந்ததில், நகல் வைக்கும் இடத்தை விலக்க மறந்துவிட்டேன்.

தலைவருக்குச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. "ஆடியில ஆரம்பிச்சா இப்படித்தான் அம்மிணி" என்றார்.

ஆடி 9, செவ்வாய்

சிவராசு சார் வந்தார். ஐம்பது வயது, நெற்றியில் விபூதி, பையில் நாலு வகை ஸ்க்ரூ டிரைவர். லினக்ஸ் இலவசம் என்று நான் சொன்னதும் முகம் சிவந்துவிட்டது.

"இலவசம்னு சொல்லாதீங்க. சுதந்திரம்னு சொல்லுங்க. இலவசங்கறது வேட்டி சேலை."

வீங்கிப்போன நகலை நீக்கி, கணினியை எழுப்பினார். பெருக்கன்று அவரே வந்து டிஸ்க்கை அச்சு அசலாக, ஒரு துளி விடாமல் எடுப்பாராம்.

"ஏதாச்சும் ஒரு ஃபோல்டர் வேண்டாம்னா, சார்?" என்று கேட்டுப் பார்த்தேன். சும்மா தெரிந்துகொள்வதற்காகக் கேட்பதுபோல.

"வேண்டாம்கறதுக்கு நாம யாருங்க? முழுசுன்னா முழுசு."

"புதுக் கம்ப்யூட்டர்ல எங்கியாச்சும் தனியா எடுத்து வெச்சுக்கலாமுங்களா?"

"வெச்சுக்கலாம். ஆனா புது புரோகிராம் இருக்குதே, அது நானே எழுதுனது. ஜாதகம் எந்தச் சந்துல பொந்துல இருந்தாலும் தேடி எடுத்துப்போடும். மறைஞ்சிருக்கறதும் தப்பாது. பொருத்தம் பாத்து, ரெண்டு வீட்டுப் பெத்தவங்களுக்கும் அதுவே எஸ்.எம்.எஸ். அனுப்பீரும்."

பெருமையாகச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஆடி 10, புதன்

பேசாமல் அந்த முப்பத்தொரு பேரையும் நீக்கிவிட்டால் என்ன என்று யோசித்தேன். ஒரு பயனும் இல்லை. மகாசபையில் "என்ற மகன் பேரு எங்கே?" என்று பெற்றவர்கள் கேட்பார்கள், அங்கேயே புதிதாகப் பதிவார்கள். இருந்தும் இல்லாமல் இருப்பதற்கு அந்தப் பழைய டிஸ்க்கை விட்டால் வேறு இடம் கிடையாது.

ஆக ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும். எஸ்.எம்.எஸ். போவதற்குள் அவரவர் வீட்டில் அவரவரே உண்மையைச் சொல்லிவிட வேண்டும். முப்பது பேருக்கும் நான் போன் செய்து எச்சரிக்கப் போகிறேன்.

முப்பத்தொன்றாவது ஆளுக்குப் போன் தேவையில்லை. அம்மாவுக்கு இன்று முழங்கால் வலி. நாளை சொல்கிறேன்.

ஆடி 12, வெள்ளி

இதுவரை ஒன்பது பேரிடம் பேசிவிட்டேன்.

நர்ஸ் சௌந்தரிக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். கூட வேலை பார்த்தவராம். "அக்கா, நான் இன்னும் அதுக்குள்ளயா இருக்கேன்?" என்று கேட்டுச் சந்தோஷப்பட்டாள். எடுத்துவிடவா என்றேன். "வேண்டாங்கக்கா. அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றாள். எதற்கு என்று கேட்டதற்கு, குழந்தை அழுகிறதென்று வைத்துவிட்டாள்.

மடத்துக்குளம் திருமூர்த்தி முடி கொட்டுவதற்கு வைத்தியம் பார்ப்பதால் முடி வளரும்வரை மறைத்து வைக்கச் சொன்னவர். நாலு வருடமாயிற்று. "இன்னும் ஆறு மாசம் குடுங்க மேடம், இப்பத்தான் பிஞ்சு பிஞ்சா வருது" என்று கெஞ்சினார். ஆறு மாதம் என் கையில் இல்லை என்றேன். வீட்டில் நேராகச் சொல்லிவிட வேண்டியதுதானே, இதில் என்ன பயம் என்று கொஞ்சம் கடுமையாகவே கேட்டேன்.

இன்னொரு பெண்ணின் போனை அவளுடைய அம்மா எடுத்துவிட்டார். சட்டென்று, கீழே உரக்கடையிலிருந்து பேசுகிறேன் என்றேன். இரண்டு மூட்டை யூரியா சொன்னார். கீழே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். கடைக்காரர் எனக்கு நன்றி சொன்னார்.

அம்மா வழக்கம்போல வந்தாள், வழக்கம்போலத் தாள் வாங்கிக்கொண்டாள். ஆடி வெள்ளியும் அதுவுமாக அவளிடம் எப்படிச் சொல்வது.

ஆடி 13, சனி

மழை. வீட்டில் கரண்ட் இல்லை. இருட்டில் சொல்கிற விஷயமா இது. சொல்லவில்லை.

ஆடி 16, செவ்வாய்

பழனாத்தாள் அக்காவோடு பேசியது மறக்காது. வயது ஐம்பத்திரண்டு. எட்டு வருடத்துக்கு முன்னால் அண்ணன்மார் இழுத்துவந்து பதிந்துவிட்டுப் போனதும், திரும்ப ஏறி வந்து, "என்னைய எங்கியாச்சும் தூக்கி உள்ள வையி அம்மிணி" என்று சொன்னவர். தகவலைச் சொன்னேன். அந்தப் பக்கம் கோழிகளை விரட்டிவிட்டு வந்தார்.

"சரி, வெளிய எடுத்துப்போடு. இப்பப் பாக்கலாம்."

"அக்கா?"

"அன்னைக்கு அண்ணனுங்களுக்கு அவசரம், எனக்கில்ல. இப்ப எனக்குத் தோணுது. அதுக்கென்ன?"

அதுக்கொன்றும் இல்லை என்று ஒத்துக்கொண்டேன். போனை வைத்த பிறகும் என்னவோ சந்தோஷமாக இருந்தது.

இருபத்தாறு பேரிடம் பேசியாகிவிட்டது. மூன்று பேர் என்னைத் திட்டினார்கள், ஒருவர் அழுதார். மற்றவர்கள் வீட்டில் சொல்லிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறேன்: மறைத்ததைவிட, பிறர் மூலம் தெரிவதுதான் பெற்றவர்களுக்கு அதிகம் வலிக்கும். நன்றாகப் பேசுகிறேன் என்று திருமூர்த்திகூடப் பாராட்டினார்.

அம்மா இன்று நல்ல மனநிலையில் இருந்தாள். கெடுப்பானேன்.

ஆடி 18, வியாழன். பதினெட்டாம் பெருக்கு

காலை பத்தே முக்காலுக்கு நல்ல நேரத்தில் பேக்கப் தொடங்கியது. அதற்கு முன்னால் தேங்காய் உடைத்து, புது டிஸ்க்குக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். தலைவர் வைத்த குங்குமம் ஒயர் சொருகும் துளைக்குள் போய்விட்டது. சிவராசு சார் வாயால் ஊதி ஊதி எடுத்தார், மூக்கெல்லாம் சிவப்பு. கமிட்டிக்காரர்களுக்குச் சித்ரான்னம். நதிக்கரையில் இருப்பதுபோலவே பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து, திரையில் விழுக்காடு ஏறுவதைப் பார்த்தபடி சாப்பிட்டார்கள். தேங்காய்ச் சாதத்துக்கு இருபது, புளிசாதத்துக்கு முப்பத்தைந்து.

ஒன்று இருபத்தைந்துக்கு எழுபத்தொன்பது ஆகியிருந்தது. தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஒண்ணரைக்கு ராகு காலம் வந்துபோடும். நிறுத்துங்க."

"நிறுத்த முடியாதுங்க தலைவரே, பாதியில" என்று சிவராசு சார் எழுவதற்குள், தலைவர் ஒயரைப் பிடித்து இழுத்து டிஸ்க்கைத் தனியாக எடுத்துவிட்டார். எடுத்ததை மடியில் வைத்துத் துண்டால் மூடிக்கொண்டார், மழையில் நனைந்த கோழிக்குஞ்சைப் போல.

சிவராசு சார் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு மெல்லிய குரலில், "இருபது வருசமா பாடம் எடுக்கறேன். டிஸ்க்கை எப்பவெல்லாம் புடுங்கக் கூடாதுன்னு ஒரு பட்டியல் வெச்சிருக்கேன். அதுல ராகு காலம் இல்லீங்க" என்றார்.

"சேத்துக்கங்க" என்றார் தலைவர்.

மூன்று மணிக்கு ராகு காலம் முடிந்ததும் முதலிலிருந்து மறுபடி. பெருக்கு நாள் முடிவதற்குள் வேலை முடிந்தது. நடுவில் எல்லோரும் டீ குடிக்க இறங்கியபோது பத்து நிமிடம் நான் மட்டும் தனியாக இருந்தேன். டிஸ்க்கை நானே ஒரு தடவை இழுத்துவிட்டால் என்ன என்று கை போனது. அப்புறம் நாளையும் பேக்கப், நாளை மறுநாளும் பேக்கப் என்று எத்தனை நாள் இழுப்பது? கையை எடுத்துவிட்டேன்.

ஆடி 27, சனி

முப்பது பேரிடமும் பேசி முடித்துவிட்டேன். பாக்கி ஒரே ஒரு ஆள்.

ஆடி 32, வியாழன்

பழைய கணினியைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுப்பதற்காக அதில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டார்கள். வீட்டில் அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து, "அம்மா, ஒண்ணு சொல்லோணும்" என்று ஆரம்பித்தேன். அம்மா கையிலிருந்த அவரைக்காயை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். கேஸ் தீர்ந்துபோச்சு, சிலிண்டருக்குச் சொல்லணும் என்றேன். சிலிண்டர் போன வாரம்தான் வந்தது.

நான் கோழைதான். எழுதியாவது வைக்கிறேன்.

ஆவணி 3, ஞாயிறு. மகாசபை

கல்யாண மண்டபம் நிறைந்துவிட்டது. மேடையில் பெரிய திரை. மூன்றாவது வரிசையில் அம்மா, புதுச் சேலையில். எனக்கு மேடை ஓரத்தில் புதுக் கணினிக்குப் பக்கத்தில் இடம்.

தலைவர் ரிப்பன் வெட்டினார். சிவராசு சார் பொத்தானை அழுத்தினார். புரோகிராம் டிஸ்க்கின் மூலை முடுக்கெல்லாம் தேடியது. பிறகு திரையில் பெரிய எண் வந்தது: 8,412.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார். பலகையில் 8,381. மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்.

"பாத்தீங்களா! முப்பத்தொண்ணு ஏறியிருக்குது! பெருக்கு அன்னைக்கு எடுத்தோமில்ல, பெருகிருச்சு!"

மண்டபமே கை தட்டியது. யாரோ குலவை போட்டார்கள். எனக்கும் ஒரு கணம், இது இப்படியே முடிந்துவிடாதா என்று ஆசை வந்தது. ஆனால் சிவராசு சார் கணக்கு வாத்தியார் மாதிரி ஆள். "அப்படியெல்லாம் பெருகாதுங்க, இருங்க" என்று அந்த முப்பத்தொன்றைத் தொட்டார். திரை முழுக்க ஒரு பட்டியல் விரிந்தது. மேலே ஃபோல்டரின் பெயர் இருந்தது: இப்போது வேண்டாம். கீழே ஒவ்வொரு பெயரும், போட்ட தேதியும். முதல் வரியில் நான். ஒன்பது வருடத்துக்கு முந்தைய தேதி.

மண்டபம் படித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அதற்குள் புரோகிராம் அடுத்த வேலையைத் தொடங்கிவிட்டது. அங்கங்கே போன்கள் கூவின. 'வாழ்த்துகள்! தங்கள் மகனுக்குப் பத்துக்கு எட்டுப் பொருத்தம்.' கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவர்களுக்கும் வந்தது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த சம்பந்திகளுக்கும் வந்தது. ஒரு பெரியவர், "என்ற மருமகனுக்கு எவன்டா பொண்ணு பாக்கறது?" என்று துண்டை உதறி எழுந்தார்.

அம்மாவின் போன் கூவியது. அவள் எடுத்துப் பார்ப்பதற்குள் மறுபடி கூவியது. பிறகு நிற்கவே இல்லை. நாற்பத்தொரு தடவை. நான் எண்ணினேன். ஒன்பது வருடமாக ஒரு பொருத்தமும் வராத வீட்டுக்கு ஒரே நிமிடத்தில் நாற்பத்தொரு மாப்பிள்ளைகள். அம்மா போனைப் பார்க்கவில்லை, திரையில் அந்தத் தேதியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆரு செஞ்ச வேலை இது?" என்று தலைவர் மைக்கிலேயே கத்தினார்.

எழுந்து நின்றேன். "நான்தானுங்க."

"எதுக்கு?"

"அவங்க கேட்டாங்க. குடுத்தேன்."

"உன்னைய ஆரு கேட்டா? உன்ற பேருதானே மொதல்ல இருக்குது?"

நாளைக்கு ஆபீஸ் சாவியைக் கொண்டுவந்து கொடுக்கச் சொன்னார். அம்மா எழுந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனாள். அப்படி ஒரு வெட்கம் எனக்கு வாழ்க்கையில் வந்ததில்லை.

ஆவணி 4, திங்கள்

அம்மா பேசவில்லை. தட்டை வைக்கிறாள், எடுக்கிறாள். தகர டப்பா பரணிலிருந்து கீழே வந்திருக்கிறது.

சாவியோடு மாடி ஏறினேன். தலைவர் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். ஆபீஸ் போனும் அவருடைய போனும் அடித்துக்கொண்டிருந்தன. சிவராசு சாருக்குக் கல்லூரியில் தேர்வு வேலையாம், போனை எடுக்கவில்லை.

"அம்மிணி, ராத்திரி பூரா எஸ்.எம்.எஸ். போய்ட்டே இருக்குது. என்ற மருமகளுக்கே மூணு மாப்பிள்ளை வந்துருச்சு. ஒருத்தன் டாக்டராமா. பையன் சாப்பிட மாட்டேங்கறான். சித்த இதை நிறுத்திப்போட்டுப் போ."

நாற்காலியில் உட்கார்ந்தேன். வேலை போன ஆளுக்குப் பயம் எதற்கு? ஒன்பது வருடமாகக் கேட்காததைக் கேட்டேன்.

"நிறுத்தறேனுங்க. ஆனா படிவத்துல ஒரு கட்டம் சேக்கோணும். 'இப்போது வேண்டாம்'னு. அதுல பொண்ணோ பையனோ அவங்க கையாலயே கையெழுத்துப் போடோணும். அது இருந்தா எஸ்.எம்.எஸ். போகக் கூடாது. ஒளிச்சு வெக்க வேண்டியதே இல்லீங்க."

"பெத்தவங்க ஒத்துக்குவாங்களா?"

அப்போது அவருடைய போன் மறுபடி அடித்தது. மகன்தான். தலைவர் அதை எடுக்காமல், "என்ன கட்டம் வேணும்னாலும் போட்டுக்க தாயி, மொதல்ல நிறுத்து" என்றார்.

நிறுத்தினேன். சாவியை மேசையில் வைத்தேன். அவர் அதை என் பக்கமே தள்ளிவிட்டு, படியிறங்கிப் போய்விட்டார்.

ஆவணி 6, புதன்

புதுப் படிவம் அச்சாகி வந்தது. பதினாலு பேர் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். திருமூர்த்தியோடு அவருடைய அப்பாவும் வந்திருந்தார், அவருக்கும் வழுக்கை. பழனாத்தாள் அக்காவுக்குக் காங்கேயத்திலிருந்து ஒரு வரன் வந்திருக்கிறது. யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

அம்மா இன்றும் பேசவில்லை. சாம்பாரில் உப்பில்லை. கேட்கத் தைரியம் இல்லாமல் அப்படியே சாப்பிட்டேன்.

ஆவணி 8, வெள்ளி

அம்மா வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். மத்தியானம் மூன்று மணிக்குப் படியில் செருப்புச் சத்தம். மேலே வந்து, வழக்கமாக மேசைக்கு வருகிறவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். மற்ற பெற்றவர்கள் உட்காரும் இடத்தில்.

"படிவம் ஒண்ணு குடு."

ஐந்து நாளில் முதல் வார்த்தை. கொடுத்தேன். மஞ்சள் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, மடியில் வைத்து எழுதத் தொடங்கினாள். பெயர், நட்சத்திரம், பிறந்த நேரம் எல்லாம். மூன்றாம் வகுப்புப் படித்த எழுத்து, ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கும். நான் எதிரே ஒன்றும் செய்யத் தோன்றாமல் நின்றேன். எழுதி முடித்து, தலை நிமிராமலே நீட்டினாள்.

'எப்படிப்பட்ட வரன் எதிர்பார்க்கிறீர்கள்' என்று ஒரு பெரிய கட்டம் இருக்கிறது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் அம்மா அதில் இடம் போதாமல் பின்பக்கமும் எழுதியிருந்தாள்: அரசு வேலை, சொந்த வீடு, ஒரே பையன், குடிப்பழக்கம் கூடாது. இன்று அதில் இரண்டே சொற்கள்தான் இருந்தன. 'அவளைக் கேட்கவும்.'

"கேட்டு எழுதிக்க" என்றாள் அம்மா. "நாலு மணி பஸ்ஸுக்குப் போகோணும்."

பேனாவை எடுத்தேன். எத்தனை வீட்டுக்கு இந்தக் கட்டத்தை நிரப்பியிருக்கிறேன். யாராவது என்னைக் கேட்டால் என்ன சொல்வது என்று மட்டும் யோசித்ததே இல்லை. அழுகை வந்துவிட்டது. அம்மா பெஞ்சில் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வாசல் வரை நடந்து திரும்பச் சொன்ன அன்றிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.

நாலு மணி பஸ் போய்விட்டது. ஐந்தரை பஸ்ஸில் இரண்டு பேரும் சேர்ந்து போனோம். அந்தக் கட்டம் இன்னும் நிரம்பவில்லை.